வண்டிக்குள் தண்ணீர்: நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டியில் அது எப்படிச் சேர்கிறது, என்ன செய்ய வேண்டும்?

சேற்றிலும் புதரிலும் ஓடி, அப்படியே ஏரிக்குள் இறங்கி மறுகரை ஏறிவிடும் ஆறு சக்கர, எட்டு சக்கர வண்டிகள் உண்டு. அவற்றைப் புதிதாக வாங்கியவர்கள் முதல் சில பயணங்களிலேயே ஒரு சந்தேகத்தோடு திரும்புகிறார்கள். மிதக்கும் வண்டி என்று சொல்லித்தானே விற்றார்கள்? அப்படியானால் கால் வைக்கும் இடத்தில் ஏன் தண்ணீர் தேங்கி நிற்கிறது? வண்டியில் பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. ஆனால் எப்போதும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. உள்ளே வந்த நீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால்தான் அது சாதாரண ஈரமா, வண்டியை மூழ்கடிக்கப்போகும் கசிவா என்று சொல்ல முடியும். பலரும் இந்தக் கேள்விகளைக் கேட்காமலே பெரிய பம்ப் ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதியில் உள்ள ஆபத்தைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

## இந்த வண்டி எப்படி மிதக்கிறது

கனடாவின் ஆர்கோ, அமெரிக்காவின் மேக்ஸ் போன்ற வண்டிகளை மனதில் வைத்துக்கொள்வோம். கீழ்ப்பகுதி ஒரே அச்சில் வார்த்த தடித்த பாலிஎத்திலின் தொட்டி. எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சங்கிலிகள், ஆட்கள் எல்லாம் அந்தத் தொட்டிக்குள்தான். சங்கிலிகளிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் ஆக்சில், அதாவது சுழலும் தண்டு, தொட்டியின் பக்கச்சுவரைத் துளைத்து வெளியே போகிறது. தண்ணீரில் வண்டியைத் தள்ளுவதும் இதே சக்கரங்கள்தான். டயரின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் கட்டைகள் துடுப்புபோல நீரைப் பின்னே தள்ளுவதால் மெதுவாக நடக்கும் வேகத்தில் வண்டி நகரும்.

எடைக் கணக்கு எளிது. வண்டி, ஆட்கள், சுமை எல்லாம் சேர்த்து 700 கிலோ என்றால், 700 லிட்டர் நீரை விலக்கும் வரை வண்டி கீழே இறங்கும். அதில் கணிசமான பங்கை டயர்களே தாங்குகின்றன. 60 செ.மீ. உயரமும் 25 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு டயர் முழுதாக அமிழ்ந்தால் ஏறத்தாழ 70 லிட்டர் நீரை விலக்கும். மீதியைத் தொட்டி பார்த்துக்கொள்கிறது.

இங்கே இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஆக்சில் துளைகள் எல்லாம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. ஆறு சக்கரம் என்றால் ஆறு துளைகள், எட்டு என்றால் எட்டு. படகு கட்டுகிறவர் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளை போடவே பத்து முறை யோசிப்பார். இந்த வண்டிக்கோ அது பிறவியிலேயே இருக்கிறது. இரண்டு, நீர்மட்டத்துக்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையிலான உயரம். இதை விளிம்புயரம் என்று சொல்வோம். சாதாரணப் படகோடு ஒப்பிட்டால் இந்த வண்டிகளில் அது மிகக் குறைவு. ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் அதை இன்னும் குறைக்கும்.

## நீர் வரும் வழிகள்

மேலிருந்து வருவது: சுழலும் டயர் அள்ளி வீசுவது, சிற்றலை விளிம்பைத் தாண்டித் தெறிப்பது, மழை, நனைந்த காலணியோடும் உடையோடும் ஏறுகிறவர்கள் கொண்டுவருவது, ஈரத்தோடு உள்ளே போட்ட கயிறு, வலை, நாய். ஒரு நாள் முழுக்க ஓடினால் இதெல்லாம் சேர்ந்து சில லிட்டர்கள் வந்துவிடும். இதற்காகப் பதற வேண்டியதில்லை.

கீழிருந்து வருவது வேறு வகை. அதற்கு நான்கு வாசல்கள்:

1. வடிகால் மூடி. தொட்டியின் அடியில், பெரும்பாலும் பின்பக்கம், உள்ளே நின்ற நீரைத் திறந்துவிடுவதற்காக வைத்த துளையின் திருகு மூடி. மறந்துவிடுவது, பாதி திருகிவிட்டு விடுவது, அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருப்பது எல்லாமே நடக்கிறவை.
2. ஆக்சில் சீல்கள். சுவரைத் துளைக்கும் இடத்தில் பேரிங், தண்டைச் சுற்றி அதன் உதடு ஒட்டி நிற்கும் ரப்பர் சீல், பேரிங்கின் உறைக்கும் சுவருக்கும் இடையில் வைத்த கேஸ்கெட் ஆகிய மூன்றும் இருக்கின்றன. மூன்றில் எது தேய்ந்தாலும் நீர் வரும்.
3. தொட்டியின் விரிசல். பாறை இடித்த இடம், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை குத்திய இடம்.
4. உரிமையாளர் தாமே போட்ட துளைகள். வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி), கூடுதல் விளக்கு, பின்கொக்கி என்று எதையோ பொருத்தத் துளையிட்டு, போல்ட்டைச் சுற்றி சீலன்ட் வைக்க மறந்திருப்பார்கள். வெற்று வண்டியில் அந்தத் துளை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். நான்கு பேர் ஏறினால் கீழே போய்விடும். "போன வாரம் கசியவில்லையே" என்ற குழப்பம் பல நேரம் இங்கிருந்துதான் வருகிறது.

## எவ்வளவு வேகத்தில் வரும்

நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துளையில் நீர் நுழையும் வேகம், துளை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 20 செ.மீ. ஆழத்தில் அது நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர். துளையின் விளிம்பில் ஓட்டம் சுருங்குவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த ஆழத்தில் கிடைக்கும் எண்கள் இவை:

- 3 மி.மீ. துளை: மணிக்கு சுமார் 30 லிட்டர்.
- 12 மி.மீ. துளை: மணிக்கு சுமார் 480 லிட்டர்.
- 25 மி.மீ. துளை, அதாவது மூட மறந்த ஒரு வடிகால்: மணிக்கு சுமார் 2,100 லிட்டர். நிமிடத்துக்கு 35 லிட்டர்.

விட்டம் இரண்டு மடங்கானால் நீர் நான்கு மடங்காகிறது. அதனால்தான் நேற்று வரை தொந்தரவு தராத சிறு கசிவு, சீலின் உதடு கொஞ்சம் கிழிந்ததும் ஆளே மாறிவிடுகிறது.

சரி, இதை பம்போடு ஒப்பிடுவோம். இந்த வண்டிகளில் பொதுவாகக் காணும் சிறிய மின் பம்ப்பின் மேல் மணிக்கு 500 கேலன் என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்க கேலன் கணக்கில் அது சுமார் 1,900 லிட்டர். நீரை மேலே தூக்காமல், குழாயே இல்லாமல், முழு மின்னழுத்தத்தில் ஓட்டிய அளவு அது. வண்டியில் பொருத்தியபின் நீரை முக்கால் மீட்டராவது தூக்க வேண்டும். நெளிநெளியான குழாய் வழியே தள்ள வேண்டும். மெல்லிய வயரில் மின்னழுத்தமும் கொஞ்சம் இறங்கும். கடைசியில் கிடைப்பது அச்சிட்டதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலே நல்லது. அதாவது 1,200, 1,300 லிட்டர். மூட மறந்த வடிகால் 2,100 லிட்டரை உள்ளே விடுகிறது. பம்ப் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நிமிடத்துக்கு 13 லிட்டர் வீதம் நிரம்பிக்கொண்டிருக்கும்.

உங்கள் வண்டியின் உண்மையான எண்ணை அறிவது கடினமில்லை. கரையில் நிறுத்தி, அளந்த 20 லிட்டர் நீரைத் தொட்டியில் ஊற்றுங்கள். பம்பை இயக்கி, வெளியேறும் நீரை ஒரு வாளியில் பிடித்து, 10 லிட்டர் சேர எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 30 நொடி ஆனால் மணிக்கு 1,200 லிட்டர். அந்த எண்ணை பம்ப் சுவிட்ச் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

## உள்ளே நிற்கும் நீர் செய்யும் கேடு

நனைந்த காலுறை ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை எடையும், அந்த எடை ஓடுவதும்.

தொட்டியின் தரை 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்று வையுங்கள். அதில் 5 செ.மீ. நீர் நின்றால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. கால் வைக்கும் பலகைக்கு அடியிலேயே இது அடங்கிவிடும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வண்டி ஏறத்தாழ 4 செ.மீ. தாழ்ந்திருக்கும். விளிம்புயரம் ஏற்கெனவே குறைவாக இருக்கும் வண்டியில் 4 செ.மீ. என்பது பெரிய இழப்பு. தாழ்ந்ததால் தெறிப்பு அதிகம் உள்ளே வரும். வந்தால் இன்னும் தாழும்.

அடுத்தது ஓடும் எடை. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். கை இம்மி சாய்ந்தால் நீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடி, தட்டை இன்னும் சாய்க்கும். மூட்டையைக் கட்டிவைக்கலாம், நீரைக் கட்டிவைக்க முடியாது. 50 லிட்டர் நிற்கும் தொட்டி 5 டிகிரி சாய்ந்தால், அந்த 50 கிலோவும் சராசரியாக 25 செ.மீ. தாழ்ந்த பக்கத்துக்கு நகர்ந்துவிடும். வண்டி தானாக நிமிரப் பார்க்கும் விசையை இது தின்றுவிடுகிறது. கப்பல்களைக் கவிழ்த்திருக்கும் விஷயம் இது. இந்தச் சிறு தொட்டியிலும் அதே இயற்பியல்தான்.

அதிகம் பேர் கவனிக்காத இடம் கரையேற்றம். கரை நெருங்கியதும் ஆபத்து முடிந்துவிட்டதாக மனது சொல்லும். முன்சக்கரங்கள் கரையைப் பற்றி மூக்கு மேலே தூக்கியதும், தொட்டிக்குள் பரவியிருந்த அந்த 100 லிட்டர் பின்னால் பாய்கிறது. 20 டிகிரி சரிவில் அது பின்சுவரை ஒட்டி 27 செ.மீ. ஆழத்துக்குக் குவியும். நடுவிலிருந்த 100 கிலோ முக்கால் மீட்டர் பின்னே போகிறது. கனமான ஓர் ஆள் திடீரென்று பின்பலகையில் தாவி உட்கார்ந்ததற்குச் சமம். முன்பக்கம் இலேசாகி, பின்விளிம்பு நீருக்குள் அமிழ்ந்தால், அதுவரை வாளிக் கணக்கில் வந்த நீர் அப்போது மடை திறந்ததுபோல் வரும்.

## இரண்டு விபத்துகள்

இதெல்லாம் காகிதக் கணக்கு இல்லை. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா கட்டிய டக் என்ற நீர்நில லாரிகள் 20,000க்கும் மேல் தயாராயின. போருக்குப் பின் அவற்றில் பல சுற்றுலா வண்டிகளாயின. அவற்றுள் ஒன்றான மிஸ் மெஜஸ்டிக், 1999 மே 1 அன்று ஆர்கன்சா மாநிலத்தின் ஹாமில்டன் ஏரியில் 21 பேரோடு இறங்கியது. இறங்கிச் சுமார் 7 நிமிடங்களில் ஒருபக்கம் சாய்ந்து, பின்பக்கம் முதலில் அமிழ்ந்து மூழ்கியது. 13 பேர் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. சுழலும் தண்டு தொட்டியை விட்டு வெளியேறும் இடத்திலிருந்த ரப்பர் உறை சரியாகப் பராமரிக்கப்படாததால் நீர் வந்தது, நீர் நிறைந்தபின்னும் மிதக்க வைக்கும் உபரி மிதவை வண்டியில் இல்லை, மேலே கட்டியிருந்த கூரை ஆட்களை உள்ளேயே அடைத்துவிட்டது என்பவை அதன் முடிவுகள்.

மூன்றையும் நம் சின்ன வண்டியோடு பொருத்திப் பாருங்கள். சுழலும் தண்டு, சுவரில் ஒரு துளை, அதை அடைக்கும் ரப்பர். அமைப்பு அதேதான். நம் வண்டியில் அந்த இடங்கள் ஆறோ எட்டோ இருக்கின்றன.

2018 ஜூலை 19 அன்று மிசூரி மாநிலத்தின் டேபிள் ராக் ஏரியில் ஸ்ட்ரெட்ச் டக் 7 என்ற வண்டி புயல்காற்றில் மூழ்கி, 31 பேரில் 17 பேர் இறந்தார்கள். அங்கே நீர் வந்த வழி மேல்வழி. முன்பக்கத்திலிருந்த காற்றுத் துளையின் மூடியை அலை தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தது. மேலிருந்து வரும் நீருக்குப் பதற வேண்டாம் என்று முன்பு சொன்னது அமைதியான நீருக்கு மட்டும். காற்று எழும் அறிகுறி தெரிந்தால் இறங்கவே கூடாது.

## பம்ப்: வாங்கியபின் கவனிக்க வேண்டியவை

அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் பம்ப்புக்கு பில்ஜ் பம்ப் என்று பெயர். உள்ளே சுழலும் சிறு விசிறி நீரை விளிம்புக்கு வீசித் தள்ளும். இந்த வகைக்குச் சில குணங்கள் உண்டு.

காற்றை அதனால் இழுக்க முடியாது. அதனால் அது நீருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் வண்டி மிதக்கும்போது எது தாழ்வான இடமோ அங்கே. நிலத்தில் நிற்கும்போது தாழ்ந்திருக்கும் மூலை, ஆட்கள் ஏறி மிதக்கும்போது உயர்ந்துவிடலாம். முன்னால் ஒருவர், பின்னால் இருவர் என்று நீங்கள் வழக்கமாக எப்படி ஏறுவீர்களோ அப்படியே ஏறி, ஓரமாக மிதக்கவிட்டு, நீர் எங்கே ஓடுகிறது என்று பார்த்தபின் இடத்தை முடிவுசெய்யுங்கள்.

குழாய் வழியில் எங்கேயும் தொங்கும் வளைவு இருக்கக் கூடாது. அந்த வளைவில் பழைய நீர் தங்கினால், பம்ப்புக்கும் அதற்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். விசிறி சத்தமாகச் சுற்றும், ஒரு சொட்டு வெளியே வராது. பம்ப்பிலிருந்து குழாய் ஏறிக்கொண்டே போய், விளிம்புக்கு அருகே ஒரு வளைவாகி வெளியே திறக்க வேண்டும். வெளித்துளை, முழுச் சுமையோடு மிதக்கும்போதும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். தாழ்ந்தால் பம்ப் நின்ற மறுகணம் ஏரி நீர் அதே குழாய் வழியே உள்ளே திரும்பும். நீரை வெளியேற்ற வைத்த குழாய் வண்டியை நிரப்பிவிடும்.

சல்லடை அடைபடுவது அன்றாடத் தொல்லை. இந்த வண்டிகள் சேற்றில் ஓடுகிறவை. காய்ந்த இலை, புல், நாய்முடி, சங்கிலியிலிருந்து உதிர்ந்த கிரீஸ் கட்டி எல்லாம் நீரோடு பம்ப்பை நோக்கித்தான் போகும். சல்லடையைக் கையால் எட்டிக் கழற்ற முடிகிற இடத்தில் பம்ப் இருக்கட்டும். நான்கு போல்ட் கழற்றி இருக்கையைத் தூக்கினால்தான் எட்டும் என்றால், நீரின் நடுவில் அது இல்லாததற்குச் சமம்.

மின்சார இணைப்பு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேராக வர வேண்டும், எஞ்சின் சாவியைக் கடந்து அல்ல. எஞ்சின் நின்றுபோன நேரத்தில்தான் பம்ப் மிக அதிகம் தேவைப்படும். நீர் ஏறினால் தானே இயங்கும் மிதவைச் சுவிட்ச் நல்ல வசதி. ஆனால் அதில் சேறு உறைந்து மேல்நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் இரவெல்லாம் ஓடிப் பேட்டரியைக் காலியாக்கும். கீழ்நிலையில் ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம். கைச் சுவிட்சும் வேண்டும், பம்ப் ஓடுவதைக் காட்டும் ஒரு சிறு விளக்கும் வேண்டும். அந்த விளக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எரிகிறது என்பதே கசிவின் நாடித்துடிப்பு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எரிந்தது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஆனால் கீழே ஏதோ கிழிந்திருக்கிறது. விளக்கில்லாத தானியங்கிப் பம்ப் இந்தச் செய்தியை உங்களுக்குச் சொல்லாமலே மறைத்துவிடும்.

பம்ப் எவ்வளவு நல்லதானாலும் கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீரை எடுக்காது. அதற்கு ஸ்பாஞ்சுதான். எல்லாம் செயலிழந்தால் என்ன செய்வது என்பதற்காக ஒரு கைப்பம்பும், கயிற்றில் கட்டிய ஒரு வாளியும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். நீர் காலடியில் ஏறும்போது ஓர் ஆள் வாளியால் இறைக்கும் வேகம் சின்ன மின் பம்ப்புக்குக் குறைந்ததில்லை. கை ஓயும் வரைதான், ஆனால் கரை சேர அது போதலாம்.

## கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

முதலில் அளவு:

1. தொட்டியைத் துடைத்து முழுக்கக் காயவையுங்கள்.
2. காற்றில்லாத நாளில், கயிறு கட்டி, கரையோரம் இடுப்பளவு நீரில் வழக்கமான எடையோடு மிதக்கவிடுங்கள். சக்கரங்கள் சுற்ற வேண்டாம். 10 நிமிடம்.
3. வெளியே எடுத்துச் சமதரையில் நிறுத்தி, வடிகாலைத் திறந்து, வரும் நீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
4. மீண்டும் காயவைத்து, இம்முறை 10 நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு அளக்கவும்.

நின்றபோதே கசிந்தால் வடிகால் மூடி, கேஸ்கெட், விரிசல், போல்ட் துளை ஆகியவற்றின் மேல் சந்தேகம். நின்றபோது இல்லாமல் ஓடும்போது மட்டும் கசிந்தால், தெறிப்பைக் கழித்தபின், பேரிங் தேய்ந்து ஆக்சில் ஆடுகிறது என்று பொருள். தண்டு ஆடினால் எந்தச் சீலும் அதைச் சுற்றி நெருக்கமாக நிற்காது. சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் கையிலேயே தெரியும்.

அடுத்து இடம். மிதக்கும்போது ஒவ்வொரு ஆக்சில் துளைக்கு அடியிலும் உள்சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு தடித்த கோடு இழுத்துவையுங்கள். எந்தக் கோட்டில் ஈரவழி விழுந்திருக்கிறதோ அந்தத் துளை. இதிலும் பிடிபடாவிட்டால் தலைகீழ்ச் சோதனை. வண்டியை உறுதியான தாங்கிகளில் உயர்த்தி, தொட்டிக்குள் ஆக்சில் மூழ்கும் வரை நீர் ஊற்றி, வெளியிலிருந்து எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது. 10 செ.மீ. நீரே 200 கிலோ. அதனால் தாங்கிகள் அந்த எடைக்கும் சேர்த்து இருக்க வேண்டும். மின்கருவிகளும் கியர்பாக்ஸின் மூச்சுக்குழாயும் (அதற்குள் காற்று வந்துபோகும் சிறு குழாய்) நனையக் கூடாது. சீலின் உதடு ஒருபக்க அழுத்தத்துக்காகவே வளைத்துச் செய்யப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளிருந்து கொஞ்சம் சொட்டும் சீல், வெளியிலிருந்து நன்றாகவே தாங்கலாம். விரிசலுக்கும் போல்ட் துளைக்கும் இந்தச் சோதனை மிக நம்பகமானது.

## அடைப்பது

ஆக்சில் பேரிங்கைப் பொறுத்தவரை கிரீஸ் என்பது உராய்வுக்காக மட்டும் இல்லை. அதுவே ஒரு தடுப்புச் சுவர். நீண்ட தூரம் ஓடிய பேரிங் சூடாக இருக்கும். அப்படியே குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலைத் தாண்டி நீரை உறிஞ்சும். உள்ளே காற்றுக்கு இடமே இல்லாமல் கிரீஸ் நிறைந்திருந்தால் உறிஞ்ச ஒன்றுமில்லை. அதனால் நீரில் ஓடிய நாளின் முடிவிலேயே கிரீஸ் அடியுங்கள், அடுத்த பயணத்தின் காலையில் அல்ல. பழைய கிரீஸ் விளிம்பில் பிதுங்கும் வரை மெதுவாக அழுத்துங்கள். பிதுங்கி வருவது பால்போல வெளுத்திருந்தால் நீர் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது, சுத்தமான கிரீஸ் வரும் வரை தொடருங்கள். வேகமாக அழுத்தினால் சீலே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

பாலிஎத்திலின் தொட்டியில் விரிசல் விழுந்தால் கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பசைகள் ஒட்டாது. அன்றைக்கு ஒட்டியதுபோல் இருக்கும், ஒரு வாரத்தில் தோலாக உரிந்துவிடும். விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை வெப்பக் காற்றால் உருக்கிப் பற்றவைப்பதே நிலையான வழி.

## நீரின் நடுவில் நீர் ஏறினால்

1. மிதவைச் சட்டை முன்பே போட்டிருக்க வேண்டும். இருக்கைப் பெல்ட்டை நீரில் இறங்கும் முன்பே கழற்றியிருக்க வேண்டும். கூரைத் துணியும் பக்கத் திரையும் திறந்திருக்க வேண்டும்.
2. பம்பை இயக்கி, திட்டமிட்ட கரையை மறந்து, பக்கத்தில் உள்ள கரைக்குத் திரும்புங்கள். திருப்பம் மெதுவாக இருக்கட்டும். திடீர்த் திருப்பத்தில் உள்நீர் ஒருபக்கம் ஓடும்.
3. யாரும் எழுந்து நிற்க வேண்டாம். எடை நடுவில், தாழ்வாக இருக்கட்டும். தேவையற்ற சுமையைத் தூக்கி எறியுங்கள்.
4. முன்சக்கரம் தரை தட்டியதும் உடனே ஏறாதீர்கள். வண்டி கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் அந்த ஆழமற்ற இடத்தில் நின்று, ஆட்களை இறக்கி, நீரை இறைத்து முடித்தபின் சரிவு குறைந்த இடமாகப் பார்த்து நேராக ஏறுங்கள்.

வண்டி முழுக்க நிறைந்துவிட்டால் டயர்களும், சில மாடல்களில் அடியில் வைத்த நுரைத் துண்டுகளும் அதை மேற்பரப்பில் தாங்கிப் பிடிக்கலாம். ஆனால் மிதக்கும் பகுதி கீழேயும் கனமான எஞ்சின் மேலேயும் இருப்பதால் அது புரளக்கூடிய நிலை. ஏறி உட்காரப் பார்க்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மிதப்பதே பாதுகாப்பு.

## கரையேறிய பின்

அப்புறம், உள்ளே நின்ற நீர் போய்விட்டாலும் அது தொட்டுவிட்டுப் போன இடங்கள் இருக்கின்றன. எண்ணெய் அளவுக்கம்பியை உருவிப் பாருங்கள். எஞ்சின் எண்ணெயோ கியர் எண்ணெயோ பாலாடைபோல இருந்தால் ஓட்டாமல் மாற்ற வேண்டும். சூடான கியர்பாக்ஸும் பேரிங் போலவே நீரில் இறங்கியதும் உறிஞ்சும். அதன் மூச்சுக்குழாயை இருக்கை உயரத்துக்கு மேலே நீட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். காற்று வடிகட்டி நனைந்திருந்தால் எஞ்சினை இயக்கவே வேண்டாம். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றவிட்டு நீரை வெளியேற்றிய பிறகே அடுத்த வேலை. டிரைவ் பெல்ட் நனைந்தால் வழுக்கும். காயும் வரை இலேசான சுமையில் ஓட்டினால் சரியாகிவிடும். சங்கிலிகளுக்கு அன்றே எண்ணெய் போட வேண்டும். உப்புநீரில் ஓடியிருந்தால் அதற்கு முன் நன்னீரால் உள்ளும் புறமும் கழுவ வேண்டும்.

தொட்டியில் பெட்ரோல் வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், பம்ப் சுவிட்சையும் சேர்த்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய தொட்டியின் அடியிலேயே படுத்திருக்கும். இருக்கையையும் மூடிகளையும் திறந்து காற்றோட்டம் விட்டபின்தான் அடுத்தது. எண்ணெய் மிதக்கும் நீரை ஏரிக்குள் பம்ப் செய்வதும் கூடாது. எண்ணெய் உறிஞ்சும் துணிகளால் முதலில் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ஒரு நீர்நிலையின் நீரைத் தொட்டியில் சுமந்துகொண்டு இன்னொன்றுக்குப் போவதும் தவறு. வரிக்குதிரை மட்டி என்ற சிறு சிப்பியினத்தின் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. படகுகளிலும் வண்டிகளிலும் தேங்கிய நீரோடு ஏரிக்கு ஏரி பயணித்து, புகுந்த இடத்தில் மற்ற உயிர்களுக்கு உணவில்லாமல் செய்துவிடக்கூடியவை. புறப்பட்ட கரையிலேயே வடித்து, தாவரத் துணுக்குகளைப் பொறுக்கிப் போட்டு, காயவைத்து எடுத்துப்போங்கள்.

உறைபனி விழும் ஊர்களில் தேங்கிய நீர் இரவில் பனிக்கட்டியாகிச் சங்கிலியையும் பம்ப் விசிறியையும் பூட்டிவிடும். காலையில் அப்படியே இயக்கினால் பம்ப் ஃப்யூஸ் போகும், அல்லது சங்கிலி அறும். அங்கே நிறுத்தும்போதெல்லாம் வடிகால் திறந்தே இருக்க வேண்டும்.

மற்ற இடங்களிலும் அப்படித்தான். நிறுத்தியிருக்கும் வண்டியில் மழைநீர் தேங்காமலிருக்க வடிகால் மூடியைக் கழற்றி வைப்பதே சரி. ஆனால் கழற்றிய மூடியைத் தரையிலோ அலமாரியிலோ வைக்காதீர்கள். அதில் துளையிட்ட காது இருந்தால் அதன் வழியே, இல்லாவிட்டால் ஒரு கம்பி வளையம் சுற்றி, வண்டியின் சாவிக்கொத்திலேயே மாட்டிவிடுங்கள். சாவியைத் திருக வேண்டுமானால் மூடி கையில் தட்டுப்பட்டே ஆக வேண்டும்.